மடவளையில் ஒரு கடுதாசிப் பட்டறை

கண்டிக்கு வருவோர் தலதா மாளிகையைக் காண்பர். வாவிக்கரையிலே சிறிது உலாவுவர். பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சென்று மீள்வர். மகாவலியைக் கடந்து வத்தேகமப் பாதையிலே செல்வோர் அவர்களுள் மிகச் சிலர். அங்கே காண என்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்டிருந்தால், இந்நகரிலே இருபது ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் புரிந்துவரும் நானும், 'ஒன்றுமில்லை' என்றே விடை கூறியிருப்பேன். சென்ற மாசி மாதத்தில் வந்த ஒரு கடிதமே என்னை அப்பாதையிலே இழுத்துச் சென்றது.

கடிதம் எழுதியவள் என் பழைய மாணவி; மடவளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். 2022ஆம் ஆண்டிலே இலங்கையில் தாளுக்கு நேர்ந்த பஞ்சம் நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்நியச் செலாவணி வற்றிப்போகவே, வெளிநாட்டுத் தாளும் மையும் வருவது தடைப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க நேர்ந்தது. பாடசாலைக் கொப்பிகள் விற்கும் சிறு கடை ஒன்று அவள் தந்தையாருக்கு உண்டு. அலுமாரிகள் வெறுமையாகக் கிடந்த அந்நாட்களிலே, வீட்டிலும் அயலிலும் கிடந்த கழிவுத் தாள்களை ஊறவைத்து, அரைத்து, புதிய தாள் வார்த்துப் பார்த்தாள் அவள். அச்செய்தி கேட்டு, என் வீட்டுப் பரணிலே கிடந்த பழைய வகுப்புப் பரீட்சை விடைத்தாள்களை இரண்டு சாக்குகளிலே கட்டி அனுப்பிவைத்தேன். விடைத்தாளைச் சுமந்து கூன் விழுந்த ஆசிரியனுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு உண்டோ!

தொழில் ஒருவாறு நடந்தது. வாழ்த்து மடல், உறை, குறிப்பேடு, திருமண அழைப்பு எனப் பலவும் செய்தாள். பின்பு துறைமுகத்திலே சரக்கு இறங்கத் தொடங்கியது. பளபளக்கும் அட்டைகள் மலிவாக வந்தன. "எவர் வந்தாலும் தொலைபேசியிலே ஒரு படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள், சேர். கை வேலை செய்கிறது. மனத்திலே ஒன்றும் உதிக்கவில்லை. நோன்புப் பெருநாள் வேலை முடிந்ததும் பட்டறையை மூடிவிட்டுக் கண்டியிலே ஒரு கடையில் கணக்கெழுதப் போகிறேன்" என்று எழுதியிருந்தாள். அக்கடிதத்தைத் தன் கையால் வார்த்த தாளிலேயே எழுதியிருந்தாள்; மை கசிந்து, எழுத்தெல்லாம் மயிர் முளைத்த கம்பளிப் புழுக்களைப்போல் இருந்தன. உண்மையைச் சொன்னால், கடிதத்தின் செய்தியைவிட அந்தக் கசிவே என்னை அதிகம் வருத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வத்தேகம பஸ்ஸிலே ஏறினேன். ஆற்றைக் கடந்ததும் பாதை மேடு ஏறத் தொடங்குகிறது. இருமருங்கும் பலா, மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், கராம்பு, பாக்கு. தூரத்திலே தும்பறை மலைத்தொடரின் நீல நிழல். பாத்ததும்பறைப் பிரிவைச் சேர்ந்த மடவளை, கடைத்தெருவும் பள்ளிவாசலும் பாடசாலையுமாகச் செறிந்து கிடக்கும் ஊர். கண்டிக்கு மறுபுறத்தே ஹாரிஸ்பத்துவையிலே மெதவல என்று ஒன்று உண்டு. பெயர் மயக்கத்தால் அங்கே போய் இறங்கிவிட வேண்டாம்.

பட்டறை என்றால் பெரிதாக எண்ணவேண்டாம். வீட்டின் பின்புறத்தே தகரக் கூரை போட்ட ஒரு தாழ்வாரம். அதிலே ஒரு பெரிய நீலத் தொட்டி, அரைக்கும் இயந்திரம், வலை அடித்த மரச்சட்டங்கள் நான்கு. ஊறி அரைபட்ட கூழைத் தொட்டி நீரிலே கலக்கி, சட்டத்தை ஒருபக்கமாகச் சாய்த்து மூழ்க்கி, கிடையாக உயர்த்துகிறாள். உயர்த்தும்பொழுதே முன்னும் பின்னும், வலமும் இடமும் மெல்ல ஓர் அசைப்பு. அந்த அசைப்பிலேதான் நார்கள் ஒன்றோடொன்று பின்னுகின்றன. அது தவறினால் தாள் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் கிழிந்தும் போகும். நீர் வடிந்ததும் பழைய பருத்திச் சீலைத் துண்டின்மேல் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பலகை வைத்து, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றி அழுத்துகிறாள். பிறகு நிழலிலே காய்தல். கி.பி. 105ஆம் ஆண்டளவிலே சீன அரசவையில் சாய் லுன் என்பவர் மரப்பட்டையையும் கந்தலையும் கொண்டு செய்து காட்டியதாகச் சொல்லப்படும் முறைக்கும் இதற்கும் அடிப்படையிலே வேற்றுமை இல்லை.

மை கசிவதற்குக் காரணம் பசை இன்மையே. வெறும் நாராலான தாள் ஒற்றுத்தாளைப்போல மையைக் குடித்துவிடும். சீனத்திலிருந்து அரபு நாடுகளுக்குத் தாள் சென்றபின், அங்கும் பாரசீகத்திலும் இருந்த எழுத்தர்கள் மாக்கஞ்சியும் முட்டை வெண்கருவும் பூசி, காய்ந்தபின் அகேட் என்னும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகிட்டார்கள். அழகிய குர்ஆன் பிரதிகளைத் தாங்கியவை அத்தகைய தாள்களே. நம் பக்கத்து வழக்கமும் தூரமானதன்று. கண்டி நாட்டுப் பிக்குகள் நூல் எழுதியது தாளிப்பனையின் விரியாத குருத்தோலையில். அதனை அவித்து, உலர்த்தி, வழுவழுப்பான கமுகந்தண்டிலே இழுத்து இழுத்து மெருகேற்றிய பின்னரே எழுத்தாணி படும். "வீட்டிலே அரிசிக் கஞ்சி இருக்கிறதா, மகள்?" என்று கேட்டேன். அன்று மாலையே ஒரு தாளுக்கு மெல்லிய கஞ்சி பூசிக் காயவைத்து, கண்ணாடிப் போத்தலால் தேய்த்துப் பார்த்தோம். என் ஊற்றுப்பேனா கசியாமல் எழுதியது. அவள் உம்மா தேநீரோடு வந்து, "இதைச் சொல்லவா சேர் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார்.

ஆனால் கசிவு நின்றதால் கற்பனை ஊறிவிடுமா? ஒரு மேசை நிறைய அவள் பிரதி செய்த மாதிரிகள் கிடந்தன: ரோசாப்பூ, ஈபிள் கோபுரம், பனிமலை மான். கைத்திறம் குறைவன்று. எனினும் அவற்றை மடவளையிலே செய்யவேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. நான் தமிழ் கற்பிப்பவன், சித்திரம் அறியேன். எனவே அறிந்தவர்களிடம் அழைத்துச் செல்வதென்று தீர்மானித்தேன். அடுத்த வாரம் அவள் வாப்பாவின் முச்சக்கர வண்டியிலே மூவரும் புறப்பட்டோம்.

முதலிலே சென்றது அருகிலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரைக்கு. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலே தொடங்கி, அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்திலே நிறைவுற்றது இது. இருவரும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் மரபினர் என்பது தமிழ் வாசகர்க்கு ஒரு சுவையான செய்தி. சுவர் ஓவியங்களைத் தீட்டியவருள் தலையாயவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. சிவந்த தளத்திலே வெஸ்ஸந்தரர் முதலியோரின் பிறவிக் கதைகள் நீண்ட பட்டிகளாக ஓடுகின்றன. ஒரே மனிதன் ஒரே பட்டியிலே பலமுறை வருகிறான்; கதை நடக்க நடக்க நம் காலும் நடக்கிறது. என் மாணவியின் கண் சென்றதோ வேறிடத்தில். உருவங்களுக்கு இடையே வெற்றிடம் விடாமல் சிறு சிறு பூக்களை இறைத்திருக்கிறார்கள். "சேர், இந்தப் பூ எந்த மரத்திலும் பூத்ததில்லை, இடத்தை நிரப்பப் பிறந்த பூ" என்றாள். மேசையிலே கிடந்த ரோசாப்பூக்களை அவள் நினைத்தாளோ என்னவோ, அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

அங்கிருந்து குண்டசாலைப் பக்கத்துக் கிராமமான ஹேனவலைக்கு. தும்பறைப் பாய் என்று புகழ்பெற்ற நெய்தலுக்கு இதுவே தாயகம். 2021ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் உலகின் அருவ மரபுச்செல்வங்களின் பட்டியலிலே இக்கைவினையைச் சேர்த்தது. அதற்கு நெடுங்காலம் முன்பு, இப்பாய்கள் அரண்மனைக்கு வரியாகச் சென்றன. நெய்தவரோ சாதி அடுக்கிலே மிகத் தாழ வைக்கப்பட்ட கின்னர மக்கள். அரசன் பாயிலே அமர்வான். பாய் நெய்தவன் அவன் முன் அமர முடியாது. இதனை நினையாமல் அப்பாயின் அழகை மட்டும் வியந்துவிட்டு வர என்னால் இயலவில்லை.

கற்றாழை இனத்துச் செடியின் மடலைச் சுரண்டி எடுத்த நார். நிலத்தோடு கிடக்கும் தறி. பழைய முறையிலே சிவப்புக்குப் பதங்கிக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும். இப்பொழுது கடைச்சாயமும் புழங்குகிறது. பாயிலே பாம்பும் பறவையும் மானும் யானையும் வருகின்றன; ஆனால் எல்லாம் கோணங்களாக வருகின்றன. விறைத்த நார், பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் தறி. அங்கே வளைகோடு வளையாது, படிப்படியாக ஏறும். அந்தத் தடையே அம்மானுக்கு அந்த முகத்தைக் கொடுத்தது. வேறெந்த நாட்டு மானுக்கும் அம்முகம் இல்லை. மாணவி தரையிலே குந்தி, தறியின் அருகே ஒரு மணி நேரம் இருந்தாள். படம் எடுக்கத் தொலைபேசியை வெளியே எடுத்தவள், ஏனோ மீண்டும் பையிலே வைத்துக்கொண்டாள்.

இந்தப் பாய்களையும் ஓலைச்சுவடிகளையும் சுவரோவியங்களையும் ஒருசேர நின்று பார்த்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிலே சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கில மாதுக்கும் பிறந்தவர். கனிப்பொருள் ஆய்வுத் தலைவராக 1903 முதல் 1906 வரை இத்தீவிலே பணிபுரிந்தார். கல் தேடிச் சென்ற ஊர்களிலே கைவினைஞர்களைக் கண்டார். 1815இலே கண்டி அரசு வீழ்ந்தபின் ஆதரவு இழந்து மங்கிவந்த தொழில்களைக் கண்டு மனம் நொந்து, 1905இலே கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இலே இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதனை எவ்வாறு அச்சிட்டார் என்பதுதான் எனக்குப் பெருவியப்பு. இங்கிலாந்திலே வில்லியம் மொரிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்புக்குப் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தைத் தம் இல்லத்திலே நிறுவி, ஓராண்டுக்கும் மேலாக உழைத்து, 425 படிகள் மட்டும் எடுத்தார். கைவினையைப் பற்றிய நூலும் கைவினையாகவே இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். திரும்பும் வழியில் இதைச் சொன்னபோது, "425 தானா? அவருக்கு நட்டம் வரவில்லையா?" என்று கேட்டார் வாப்பா. வியாபாரியின் கேள்வி, எனக்கு விடை தெரியவில்லை.

அந்தக் கேள்வி மனத்திலே கிடந்ததனால், இன்னொரு ஞாயிறு கேகாலைக்குச் சென்றோம். 1997இலே அங்கே தொடங்கப்பெற்ற மக்சிமஸ் நிறுவனம் யானை இலத்தியிலிருந்து தாள் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பி வாழ்ந்து காட்டியது. முகம் சுளிக்க வேண்டியதில்லை. யானை உண்ட தாவரத்திற் பெரும்பங்கு செரிக்காமலே வெளிவருகிறது. அது பெரும்பாலும் நாரே. காயவைத்து, நெடுநேரம் கொதிக்கவைத்து, கழிவுத் தாளோடு சேர்த்து அரைத்தால் நாற்றம் சிறிதும் இல்லை. யானை தின்றது தென்னோலையா, கித்துள் மட்டையா என்பதைப் பொறுத்துத் தாளின் நிறமும் மாறும். பயிரை அழிக்கும் பகையாக யானையைக் காணும் நாட்டிலே, அதன் இலத்திக்கும் ஒரு விலை ஏற்பட்டது. ஒரு தாளை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்த என் மாணவி, "நாரை மறைக்கவே இல்லை, சேர். நாரைப் பார்க்கத்தானே வாங்குகிறார்கள்" என்றாள்.

இவ்விடத்திலே ஒன்று சொல்லவேண்டும். அவள் தன் பட்டறையிலே நாள்தோறும் இரண்டு மணி நேரத்தைச் செலவிட்டது எதற்குத் தெரியுமா? நான் அனுப்பிய விடைத்தாள்களிலே என் சிவப்பு மை பட்ட பகுதிகளை வெட்டி நீக்குவதற்கு. இறக்குமதி அட்டையைப்போல வெள்ளை வெளேரென்று இருக்கவேண்டும் என்பது அவள் எண்ணம். நீக்கிய துண்டுகள் ஒரு மூலையிலே மூன்று பைகள் நிறையக் கிடந்தன. கேகாலையிலிருந்து திரும்பிய அன்று இரவே அவற்றை ஊறவைத்துவிட்டாளாம். முழுவதும் அரைபடாமல் கொஞ்சம் கரடாக அரைத்து, வெள்ளைக் கூழோடு கலந்து வார்த்திருக்கிறாள்.

பெருநாளுக்குச் சில நாள் முன்பு தபாலிலே ஒரு பொதி வந்தது. தும்பறைப் பாயின் ஓரத்தைப்போலப் படிப்படியாக ஏறும் கரை ஒன்று கறுப்பிலே. நடுவெளியெங்கும் இறைத்துவிட்டாற்போலச் சிவந்த துணுக்குகள். உற்றுப் பார்த்தேன். ஒன்றிலே பாதி 'ற'. ஒன்றிலே ஒரு சரிக்குறியின் வால். இன்னொன்றிலே ஐயமின்றி என் கையெழுத்திலான ஒரு பூச்சியம். அவள் மாமி மகளின் நிக்காஹ் அழைப்பு அது. இருநூறு செய்து கொடுத்தாளாம். கண்டிக் கடைக்காரர் ஒருவர் கண்டு, குறிப்பேடுகளாக ஐம்பது கேட்டிருக்கிறாராம். கணக்கெழுதும் வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போகமாட்டேன் என்றும் எழுதவில்லை. ஐம்பது குறிப்பேடுகள் ஒரு குடும்பத்தைக் காக்குமா என்பதை நானும் கேட்கவில்லை.

அழைப்பின் உள்ளே ஒரு சிறு துண்டு. கஞ்சி பூசிய தாள். எழுத்து சிறிதும் கசியவில்லை.

"சேர், சிவப்பு முடிந்துவிட்டது. இன்னும் விடைத்தாள் இருந்தால் அனுப்புங்கள். நன்றாகப் படித்தவர்களுடையது வேண்டாம்; நிறையப் பிழை விட்டவர்களுடையது வேண்டும்."

பரணிலே ஏறிப் பார்த்தேன். ஐந்து சாக்குகள் இருந்தன.