ஒரு மில்லி ஓம்

ஆர்.சி. மாடல் ஆட்கள் மோட்டாரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவோம். நடுவில் இருக்கிற கனெக்டரை யாரும் பெரிசா கண்டுக்கிறதில்லை. சாஃப்ட்வேர் வேலையிலும் இதே கதைதான்: இரண்டு சிஸ்டமும் தனித்தனியாக நன்றாக ஓடும், சேருமிடத்தில்தான் புகையும்.

கணக்கு எளிது. 100 ஆம்பியர் பாயும் இணைப்பில் ஒரே ஒரு மில்லி ஓம் தடை இருந்தால் 10 வாட் சூடு. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. விரல்நுனி அளவு உலோகம் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? சூட்டில் பின்னின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தடை ஏறும். தடை ஏறினால் மறுபடி சூடு. சால்டர் இளகி விட்டுப்போச்சுன்னா, வானத்தில் இருக்கும் விமானத்துக்கு நம் கை ரிமோட் வெறும் பிளாஸ்டிக்.

அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது கனெக்டரை. செருகும்போது இறுக்கமே இல்லாமல் போனால் மாத்திடுவேன். எக்ஸ்டி60-யிடம் 60 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து கேட்க மாட்டேன், எக்ஸ்டி90-க்குப் போயிடுவேன்.