வெலிங்டன் பாரக்ஸ்: சில குறிப்புகள்

குன்னூரில் இன்ஜின் மாற்றிக்கொண்டு மலை ரயில் கிளம்பினால் அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் 1947இலிருந்து இங்கேதான். இடத்தின் பழைய பெயர் ஜக்கதளா. ஜெகதளா என்ற படுகர் ஊர் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

பாரக்ஸ் எழும்பியது 1850களில், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக. கீழே அடிக்கிற வெயிலும் காய்ச்சலும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை, மலையேற்றினார்கள். இப்போது அங்கே படுத்து எழுவது தம்பிகள். மதராஸ் ரெஜிமென்ட் ஜவானுக்கு ராணுவத்தில் அதுதான் செல்லப்பெயர். பாரக்ஸுக்கும் ஜெனரல் ஸ்ரீநாகேஷ் பெயரை வைத்துவிட்டார்கள். ஊர்ப்பெயர் மட்டும் துரையிடமே தங்கிவிட்டது.

அந்தத் துரையோடு இவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1803, அசாயே. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியப் படையை முறியடித்தபோது, அவர் கையிலிருந்த காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் பட்டாளம். ரெஜிமென்ட் சின்னத்தில் நிற்கும் யானை அந்தச் சண்டையில் கிடைத்த கூலி.

1758இல் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் காலத்தில் தொடங்கியது ரெஜிமென்டின் மரபு. 1920களில் நிரந்தரப் பட்டாளங்களைக் கலைத்தார்கள். ஒரு காரணம் சிக்கனம். இன்னொன்று, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை, ‘வீர இனம்’ எல்லாம் வடக்கே என்று தலைமைத் தளபதி ராபர்ட்ஸ் பிரபு நாளிலிருந்து ஓதிய ஓதல். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றவில்லை. அதே தெற்கத்தியானைக் கூப்பிட்டுப் பட்டாளம் கட்டி பர்மாவுக்கு அனுப்பினார்கள். இருபது வருஷத்துக்குள் இனம் மாறிவிட்டதாக்கும்!

மையத்துக்குத் தலை ஒரு பிரிகேடியர், கமாண்டன்ட் என்பார்கள். கீழே பயிற்சிப் பட்டாளம், கம்பெனி, பிளட்டூன், செக்‌ஷன். புதுப் பையனுக்கு இந்த ஏணியெல்லாம் மெதுவாகப் புரிந்தால் போதும். அவன் உலகம் உஸ்தாத்: அனேகமாக ஒரு ஹவில்தார், இல்லையென்றால் நாயக். 2022இல் நாலு வருஷச் சேவைக்கான அக்னிபத் திட்டம் வந்தபின், ஏறத்தாழ ஏழு மாதத்தில் உஸ்தாத் அவனைத் தேற்றிக் கொடுத்தாக வேண்டும். அந்த நாலு வருஷம் முடிந்தால் நாலில் ஒரு பங்கு பேருக்குத்தான் நிரந்தரம். மீதிப் பேர் ஊர் திரும்பவும் அதே உடம்புதான் உதவ வேண்டும்.

தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். கட்டளை இந்தியில். ‘சாவ்தான்’ என்றதும் இடது காலைத் தூக்கி வலது குதிகாலோடு சேர்த்து அறைய வேண்டும். முப்பது பேர் அறைந்தாலும் சத்தம் ஒன்றாகக் கேட்க வேண்டும். சிதறினால் மறுபடியும் முதலிலிருந்து. போர் முழக்கத்துக்கு மட்டும் இந்தி வேண்டியிருக்கவில்லை: ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’. தமிழனுக்கும் மலையாளிக்கும் அகராதி தேவையில்லை.

பயிற்சி முடிகிற நாளில் தேசியக் கொடிக்கு முன்னால், புனித நூல்கள்மீது சத்தியம், வாயில் உப்பு. மகனை அனுப்பிய பெற்றோருக்கு அன்று ஒரு பதக்கம்.

ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸும் வெலிங்டனில்தான். எங்கள் தெருவில் ஹவில்தார் வீட்டம்மா ஒருவர் இருக்கிறார். பென்ஷன் காகிதங்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதித்தரப் போயிருந்தேன். போன் நம்பர் கேட்டதற்குப் பேத்தியைக் கூப்பிட்டார். ஆர்மி நம்பர் கேட்டதும், கணவர் போய்ப் பதினொரு வருஷம், கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொன்னார்.