பூச்சி அடிக்காத கண்ணாடி

'நீட் ஃபார் ஸ்பீட் 2' கேமின் ஸ்பெஷல் எடிஷன் 1997இல் வந்தது. கார் வேகமெடுத்தால் முன்கண்ணாடியில் பூச்சிகள் வந்து அடித்துச் சிதறும். தூரத்துச் சாலை பனிமூட்டத்தில் கரையும். இதெல்லாம் கம்ப்யூட்டரில் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு வைத்திருந்தவர்களுக்குத்தான். அனகாபுத்தூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு பூச்சிகூட அடித்ததில்லை.

எங்களுடையது ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பென்டியம். உள்ளே எஸ்3 ட்ரையோ கார்டு. தறிக்கு அடுத்த அறையில் இருந்ததால் நூல் தூசு போய்விடாமல் எப்போதும் பழைய லுங்கி ஒன்றைப் போர்த்தி வைத்திருப்போம். ஒரு காலத்தில் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை நைஜீரியாவுக்குக் கப்பலேற்றிய ஊர் இது. நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த நாட்களில் அந்த வியாபாரம் போய் வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் உறுமலுக்கு நடுவே நாடா பாயும் சத்தம் கேட்கும்.

வூடூவை முதலில் பார்த்தது பம்மலில், நண்பன் வீட்டில். அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. 1996 கடைசியில் வந்த அந்த முதல் வூடூ ஒரு வினோதப் பிறவி. விண்டோஸ் திரையைக் காட்ட அதற்குத் தெரியாது. 3டி ஒன்றுதான் அதன் வேலை. அதனால் பழைய விஜிஏ கார்டிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் வூடூவுக்குள் போகும், மானிட்டரை வூடூவில் செருக வேண்டும். கேம் தொடங்கியதும் கார்டில் இருக்கும் ரிலே 'டிக்' என்று மாறும். திரை ஒரு கணம் கறுத்துவிட்டு வேறு படமாகத் திரும்பி வரும். 4 எம்பி மெமரி, அதில் பாதி திரைக்கு, பாதி டெக்ஸ்சருக்கு. வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். இவ்வளவை வைத்துக்கொண்டுதான் அத்தனை ஆட்டமும். ரிச்சி தெருவில் நான் விலை கேட்டதோடு சரி. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் சொத்துகளை வாங்கிக்கொள்வதாக என்விடியா அறிவித்தது, கதை முடிந்தது.

இப்போது லேப்டாப்பில் 86பாக்ஸ் என்ற எமுலேட்டர் வைத்திருக்கிறேன். அது வெறும் கேமை ஓட்டுவதில்லை. மதர்போர்டு, பயாஸ், ப்ராசஸர், ஹார்ட் டிஸ்க் என்று ஒரு பழைய மிஷினையே மென்பொருளில் எழுப்பி நிறுத்துகிறது. பட்டியலில் வூடூவும் உண்டு. டெக்ஸ்சர் மெமரி எத்தனை எம்பி என்றுகூடக் கேட்கும்! சிப் செய்த கணக்கையெல்லாம் இன்றைய ப்ராசஸர் புள்ளி புள்ளியாகப் போட வேண்டும். சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 என்ற அந்தப் பஞ்சக் கணக்கையும், அதை மறைக்க கார்டு தூவிய பொடிப்புள்ளிகளையும் விடாமல் போடுகிறது. ஃபேன் கத்து கத்தென்று கத்துகிறது. கால் நூற்றாண்டைத் தாண்டிய ஒரு கார்டு இல்லை, அதன் நிழல்தான் இப்படி மூச்சு வாங்க வைக்கிறது.

பம்மலில் பார்த்த அதே வழவழப்பு வந்துவிட்டது. ஒரு புள்ளிக்கு நிறம் தர வூடூ பக்கத்துப் பக்கத்தில் நான்கு நிறங்களை எடுத்துக் கலக்கும். அதனால் கட்டம் தெரியாது. அப்பா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா இது, சாயம் விட்ட துணியாட்டம் ஒண்ணோட ஒண்ணு ஊறிக் கிடக்கு?"

"இதுதாம்பா ஒஸ்தி. இதுக்குத்தான் அப்போ காசு கேட்டேன்."

"அப்போ கட்டம் கட்டமா இருந்துச்சே, அது நல்லாத்தானே இருந்துச்சு."

நெசவாளியிடம் கட்டத்தைக் குறை சொல்லி ஜெயிக்க முடியாது. அவர் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். செட்டிங்ஸில் வூடூவை எடுத்துவிட்டு, எஸ்3 ட்ரையோவை மட்டும் விட்டு, மிஷினை மறுபடி ஏற்றினேன். சாலையோர மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நின்றன. வளைவில் படம் திக்கித் திக்கி வந்தது. எந்த இடத்தில் திக்கும், அதற்கு எவ்வளவு முன்னால் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பம்மல் படத்தை நான் ஆசைப்பட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆடியது இதில்.

எமுலேட்டர் சுத்தமாகத்தான் செய்கிறது. குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் பவர் பட்டனைத் தட்டியதும் மானிட்டர் 'டங்'கென்று விழிப்பதும், மூடியில் ஒட்டிய நூல் தூசு சூடேறி வரும் வாடையும் எந்த செட்டிங்ஸிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போக உத்தேசம். பழைய போர்டுகளைக் கோணியில் குவித்து வைத்திருப்பார்கள், தேடினால் எது வேண்டுமானாலும் கிடைக்கலாம். வூடூ கண்ணில் பட்டாலும் எடுப்பதாக இல்லை. பிசிஐ ஸ்லாட்டில் செருகும் எஸ்3 ட்ரையோ ஒன்று, 1 எம்பி இருந்தால்கூடப் போதும்.