மூன்று வாட் போதும்

எங்கள் குவார்ட்டர்ஸில் எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த கட்டடம் அது. காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்ட், மத்தியானம் இரண்டுக்கு பி ஷிப்ட், ராத்திரி பத்துக்கு நைட். நைட் முடித்து வந்தவர் பகல் பதினோரு மணிக்கு நடுத்தூக்கத்தில் இருப்பார். மறுநாள் ஏ ஷிப்ட் போக வேண்டியவர் ராத்திரி எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுவார். பத்துக்குப் பத்து ஹால், ஒரு சமையலறை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அம்மா மிக்ஸி போடுவதற்கே யார் என்ன ஷிப்ட் என்று விசாரித்துக்கொண்டுதான் போடுவாள். அந்த வீட்டில்தான் அப்பாவுக்குப் பாட்டுப் பைத்தியம் இருந்தது.

அப்போது எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது; திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். 1992இல் ‘ரோஜா’ வந்து, டீக்கடை, சலூன், பஸ் எல்லாவற்றிலும் ‘பாஸ்’ என்ற சொல் புழங்க ஆரம்பித்திருந்த சமயம். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருந்ததால் எங்கள் ஊர்க் கேசட் கடையில் பாதி அலமாரி தெலுங்கு. ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால் நாலு நாளில் பதிந்து தருவார்கள். சம்பளம் வந்த வாரம் அப்பா அந்தத் தாளோடுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்.

வீட்டில் ஒரு கேசட் டெக் இருந்தது. எட்டு இன்ச் ஸ்பீக்கர் வைத்த மரப்பெட்டிகள் இரண்டு, அப்பாவே ஆணி அடித்துச் செய்தவை. இரண்டுக்கும் நடுவில் டிபிஏ810 ஐசி போட்ட ஒற்றை போர்டு. பெட்டி இரண்டானாலும் வருவது ஒரே சத்தம், மோனோ. அப்பாவின் குறை அதுதான். 1978இல் வந்த ‘பிரியா’ பாட்டுகளையே ஸ்டீரியோவில் பதிந்துவிட்டார்கள், 1986இல் ‘ஹௌ டு நேம் இட்’ வந்து வயலின்களை இரண்டு பக்கமும் உட்கார்த்தி வைத்தாயிற்று, நாம் மட்டும் இன்னும் ஒற்றைக் காதால் கேட்கிறோம் என்று புலம்புவார். “லெஃப்ட்ல ஒருத்தன் கேள்வி கேக்குறான், ரைட்ல ஒருத்தன் பதில் சொல்றான். நம்ம வீட்ல ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல டபுள்ஸ் வர்றாங்க.”

ஆக, நல்ல ஆம்ப் ஒன்று வேண்டும். எது நல்ல ஆம்ப் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. மைக் செட் வைத்திருந்தவர், 2என்3055 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட நூறு வாட்டுக்குக் குறைந்து எதையும் தொடாதே என்றார். அவருக்குக் கல்யாண மண்டபமும் கோயில் திடலும்தான் கணக்கு. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் கல்கத்தாவின் சோனோடைன் செட்டை எங்கோ கேட்டுவிட்டு வந்து, கேட்டால் அதைத்தான் கேட்க வேண்டும் என்று உருகினார். அது சம்பளக் கவரைத் தாண்டிய சமாச்சாரம். மூன்றாவது கட்சி பர்மா பஜார் கட்சி. பெட்டியின் முகத்திலேயே ‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று வெள்ளி எழுத்தில் அடித்திருக்கும். ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்ததும் நான் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கட்சியை உடைத்தவர் முகாம் மாமா. 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அகதி முகாம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து வந்து பஜாரில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ, டேப் பழுது பார்த்தவர் அவர். ஊரில் சொந்தமாக ரேடியோக் கடை வைத்திருந்தவராம். என்னைவிட அப்பாவே அவரிடம் மாணவனைப்போல நிற்பார்.

“அண்ணை, முன்னுக்கு எழுதியிருக்கிறதை விடுங்கோ. பின்பக்கம் திருப்பிப் பாருங்கோ. கரண்டிலையிருந்து எவ்வளவு எடுக்குது எண்டு அங்கை போட்டிருக்கும். நாப்பது வாட் எடுக்கிற சாமான் ஆயிரம் வாட்டை எங்கையிருந்து தரும்?”

பிஎம்பிஓ என்பது கண் இமைக்கிற நேரத்துக்குள் வந்துபோகும் உச்சத்தைக் கணக்கு காட்டுவது, அதற்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது, விற்பவன் வைத்ததுதான் எண் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்காமலேயே புரிய வைத்தது அந்த ஒற்றைக் கேள்வி. சுவரிலிருந்து எடுத்ததைவிட அதிகமாக எந்தப் பெட்டியும் தொடர்ந்து தர முடியாது.

அவர் இன்னொன்றும் சொன்னார். “எங்கடை ஊரிலை இப்ப கரண்டே இல்லை. சைக்கிளைத் தலைகீழா வைச்சு, பெடலைச் சுத்தித்தான் ரேடியோ கேக்கினமாம். டைனமோ மூண்டு வாட். அதுக்கு முன்னாலை நாலு வீட்டுச் சனம் இருந்து கேக்குதாம்.” கடிதத்தில் வந்த சேதி அது. போர்க்காலத்தில் பேட்டரிக்கும் தடை இருந்ததால் யாழ்ப்பாணம் வருஷக்கணக்கில் அப்படித்தான் செய்தியும் பாட்டும் கேட்டது. அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

கடைசியில் அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் ஏறினோம். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று ஒவ்வொன்றாக நின்று மூர் மார்க்கெட் நிலையத்தில் இறக்கிவிடும். 1985இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. பழைய கிராமபோன் தட்டும் வால்வு ரேடியோவும் அங்கே குவிந்துகிடந்த கதையைப் போகும்போதெல்லாம் அப்பா சொல்வார். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை வழியாக நடந்து மவுண்ட் ரோடு பக்கம் வந்தால் ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை நிரந்தரக் கடைகள் பாதி மூடியிருந்தாலும் நடைபாதையில் சாக்கு விரித்துக் கண்டென்சரையும் ரெசிஸ்டரையும் கூறு கட்டியிருப்பார்கள். காய்கறிக் கடையைவிட எனக்கு அந்தக் கடைகள் பழக்கமாயின.

சீட்டில் முதல் வரி: எல்ஏ4440. சான்யோ கம்பெனியின் ஐசி, பதினான்கு கால். கார் ஸ்டீரியோவுக்கென்றே வந்தது. 13.2 வோல்ட்டில் பக்கத்துக்கு ஆறு ஆறு வாட் தரும். தமிழ்நாட்டில் டெம்போவிலும் ஆட்டோவிலும் டீக்கடையிலும் வருஷக்கணக்கில் பாடிக்கொண்டிருந்தது அந்த ஐசிதான். “ஃபோர் ஃபோர் ஃபார்ட்டி போர்டு” என்றால் சின்னப் பையனும் எடுத்துக் கொடுப்பான்.

கடைக்காரர் போர்டை எடுத்து வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். “பிரிட்ஜ் பண்ணிக்க சார். ரெண்டு சேனலும் ஒண்ணா சேந்து பத்தொம்போது வாட் வரும். ஒரே பொட்டி, கும்முனு இருக்கும்.”

“ரெண்டு பொட்டி வச்சிருக்கேனே. ஸ்டீரியோ வேணும்.”

“அப்ப ஆறு ஆறுதான். அதுவும் நாலு ஓமுக்கு. உன் பொட்டி எத்தினி ஓம்?”

“எட்டு.”

“அப்ப மூணு மூணுன்னு வச்சிக்க. ரூம்பு எம்மாம் பெருசு?”

அப்பா கையை விரித்து அந்தக் கடையைச் சுற்றிக் காட்டினார். “இவ்ளோதான்.”

“அப்ப இன்னாத்துக்கு சார் கவலைப்படுற? அது போதும்.”

விற்பவரே போதும் என்று சொன்ன வியாபாரம் அது. பத்தொன்பதை விட்டுவிட்டு மூன்றும் மூன்றும் என்று முடிவானதில் எனக்குத்தான் பெருத்த ஏமாற்றம்.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர், 12 வோல்ட் 3 ஆம்பியர். ஆம்பில் காசு போட வேண்டிய இடம் இதுதான், மற்றதில் மிச்சம் பிடியுங்கள் என்று முகாம் மாமா இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு; ஒன்று விலை குறைவு. அப்பா இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். கனமானதன் கம்பி முனையை பிளேடால் சுரண்டச் சொன்னார். எனாமல் பூச்சு போன இடத்தில் சிவப்பாகச் செம்பு மின்னியது. மற்றதைச் சுரண்டினால் வெள்ளை. அலுமினியக் கம்பி சுற்றியது, சீக்கிரம் சூடேறும். சிவப்பையே வாங்கினோம். பிறகு ஒரு பாஸ்-ட்ரெபிள் போர்டு. அந்தச் சுற்றை பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இல் ஒரு பத்திரிகையில் எழுதி உலகத்துக்குக் கொடுத்தார் என்பது அந்தப் போர்டை நடைபாதையில் விற்றவருக்குத் தெரிந்திருக்காது, எங்களுக்கும் தெரியாது. எனக்காக ஏஎன்6884 ஐசி போட்ட விளக்கு போர்டு ஒன்றும் சேர்ந்தது. பாட்டுக்குத் தக்கபடி ஐந்து எல்இடிகள் ஏறி இறங்கும். ஆயிரம் வாட் கட்சியிலிருந்து விலகியதற்கு நான் வாங்கிய நஷ்டஈடு.

பூட்டுகிற வேலை முகாம் மாமாவின் திண்ணையிலேயே நடந்தது. ஐசியின் முதுகில் வெள்ளைப் பேஸ்டை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவி, அலுமினிய ஹீட் சிங்கோடு திருகினார். பற்றவைக்கும்போது ஈயம் பாதரசம்போல உருண்டு காலைச் சுற்றி உட்காரும்; ரோசின் புகை மூக்கில் ஏறும். எல்லாம் முடிந்தும் நேராகக் கரண்டில் செருகவில்லை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கோர்த்து, அதன் வழியாகத்தான் கொடுத்தார். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ஐசி பிழைக்கும். பல்பு ஒரு தரம் மினுக்கிவிட்டு மங்கியது. “சரி, உயிர் வந்திட்டுது” என்றபடி இன்புட் கம்பியை விரலால் தொட்டார். இரண்டு ஸ்பீக்கரும் ‘ம்ம்ம்’ என்றன. விரலை எடுத்தும் கொஞ்சம் முனகல் மிச்சம் இருந்தது. ஃபில்டர் கண்டென்சரை 2200இலிருந்து 4700 மைக்ரோஃபாரடாக மாற்றி, இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போட்டு, எர்த் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்த்ததும் அதுவும் அடங்கியது.

கார் ஐசியை அவர் ஏன் எழுதிக்கொடுத்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. சாயங்காலமானால் எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கிவிடும். இரும்பாலைக்காரன் ஃபர்னஸ் போட்டுவிட்டான் என்பார்கள். டியூப்லைட் கண் சிமிட்டும், மிக்ஸி முக்கும். எங்கள் பழைய போர்டு அந்த நேரத்தில் கரகரக்கும். கார் பேட்டரியின் ஏற்ற இறக்கத்துக்கென்றே வந்த 4440 அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், டயோடும் கண்டென்சரும் தாண்டி 16 வோல்ட் பக்கம் தரும். வோல்டேஜ் விழுந்தால் 12, 13 என்று இறங்கும். இரண்டிலும் அது பாடும்.

ஆம்ப் வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் மாமா தூக்கத்தில் இருந்தார். அப்பா வால்யூமைத் தொட்டதும் தொடாததுமாகத் திருகினார். இடது பெட்டியில் ஒரு வயலின், வலது பெட்டியில் இன்னொன்று, நடுவில் காலி நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் புல்லாங்குழல். பாஸ் குமிழைக் கொஞ்சம் கூட்டியதும் அடியில் பாஸ் கிதார் வந்து சேர்ந்தது. சத்தம் குறையக் குறையக் காது முதலில் இழப்பது கீழ்ஸ்வரங்களைத்தான். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம் அது. அதனால்தான் மெதுவாகக் கேட்கிற வீட்டுக்கு அந்தக் குமிழ் வேண்டியிருக்கிறது. என்னுடைய ஐந்து விளக்குகளில் இரண்டு பச்சைதான் எரிந்தது. நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை சிவப்பு எரிந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மாமா எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று கேட்டார்: “என்னா, ஆம்ப் ரெடியாவலையா?” அப்பா அதற்குள் நாலு கேசட் கேட்டு முடித்திருந்தார்.

இப்போது கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அதே ரிச்சி தெருவில் 4440 இருந்த இடத்தில் டிபிஏ3116 என்ற உள்ளங்கை அளவு கிளாஸ் டி போர்டு. லேப்டாப் அடாப்டர் மாதிரி ஒன்றைச் செருகினால் பக்கத்துக்கு ஐம்பது வாட் வரை போகும் என்கிறார்கள். எண்களின் மோகம் மட்டும் மாறவில்லை. சின்ன ஃபிளாட்டுக்கு எத்தனை வாட் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற கணக்கு இதுதான். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் பக்கம் தந்துவிடும். நாம் பேசிக்கொள்வது 60 சொச்சம்தான். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஏறுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பர்ஸ்தான் உணரும், காது அவ்வளவாக உணராது.

ஆகவே வாங்கப் போகும்போது பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு, எத்தனை ஓமுக்கு என்று கேளுங்கள். கரண்டிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். கடையில் சத்தமாகப் போட்டுக் காட்டுவார்கள். மெதுவாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். மெதுவான சத்தத்தில் முனகல் இல்லாமல், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்டால் அதுவே உங்கள் வீட்டுக்கான ஆம்ப். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.