கழுத்தில் கசியும் தண்ணீர்

ஆவடியில் எங்கள் வீட்டு வாசலில் கொஞ்சம் கொரியன் புல் இருக்கிறது. அதற்கு, தண்ணீர் திறந்ததும் மண்ணிலிருந்து தண்டு மேலெழும் பாப்-அப் வகை ஸ்பிரிங்க்ளர்கள் 4. கேட்டுப் பக்கம் இருந்தது ஒருநாள் கசிய ஆரம்பித்தது. காலடி வைத்தால் சேறு.

கசிவென்றதும் கழற்றக் கூடாது; முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வால்வை மூடிய பிறகு கொஞ்ச நேரம் சொட்டி நின்றால், அது பைப்பில் தங்கிய தண்ணீர் தாழ்வான இடம் தேடி வடிவது. நிற்காமல் சொட்டினால் பழுது வால்வில். ஓடும்போது மட்டும் தண்டைச் சுற்றிக் கொப்பளித்தால், கழுத்திலுள்ள ரப்பர் வளையம். எங்களுடையது மூன்றாவது ரகம்.

சுற்றியுள்ள மண்ணைக் கையால் விலக்கினேன். மண் உள்ளே விழுந்தால் வேலை இரட்டிப்பு. மூடியைத் திருகி, ஸ்பிரிங் துள்ளாமல் தண்டைப் பிடித்தபடி மேலே எடுத்தேன். ரப்பரின் உள்விளிம்பில் கடுகளவு மணல் ஒன்று. அதைச் சுற்றி போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாக இறுகியிருந்தது. ஊசியால் குத்தினால் விளிம்பு கிழிந்துவிடும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தேன். அடியிலிருந்த சின்ன வடிகட்டியையும் அலசினேன். மாட்டும் முன் வால்வை ஒரு நொடி திறந்து, பைப்பிலிருந்த கசடை வெளியேற்றினேன். மூடியைக் கையால் முடுக்கினாலே போதும். அங்கே டெஃப்லான் டேப் வேண்டாம்.

ஓடவிட்டால் இன்னும் லேசாகக் கசிந்தது. இங்கேதான் பலர் புதியது வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த ரப்பரைத் தண்டோடு அழுத்தி மூடவைப்பதே தண்ணீரின் அழுத்தம்தான். இந்த வகைக்கு ஏறக்குறைய 2 பார் வேண்டும். 10 மீட்டர் உயரத் தொட்டியே 1 பார்தான் தரும். அதனால்தான் சின்ன பிரஷர் பம்ப் வைத்திருக்கிறோம். அதுவும் நாலுக்கும் ஒரே நேரத்தில் ஈடுகொடுக்காது. இரண்டிரண்டாகத் திறந்தேன். கசிவு நின்றது.

ஒரு கசிவுக்கு இத்தனை பாடு ஏன்? சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில், 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரோடு 50 வேகன் ரயில் வில்லிவாக்கம் வந்தது. எங்கள் ஆவடி வழியாகத்தான் போனது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்த கோடை அது. அதைப் பார்த்த ஊரில் புல் வளர்க்கிறவனுக்கு, கசிவைத் தேடிப் போவது கடமை.

மறுநாள் காலை கேட்டோரம் குனிந்து தொட்டுப் பார்த்தேன். புல் ஈரமாக இருந்தது. ஸ்பிரிங்க்ளரைச் சுற்றிச் சேறு இல்லை.