கேசட்டும் உறைமோரும்

2024 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் புனே தப்கீர் கல்லியில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே சீரியல் லைட் சரத்தை எடுத்து நீட்டினார். "அது வேணாம், காலி சிடி இருக்கா?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். கூட வந்த தங்கமணியும் அதே பார்வைதான் :-)

காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005. பாளையங்கோட்டையிலிருந்து புனே வந்து ஒரு வருஷம். கோத்ரூடில் வாடகை வீடு. இன்னொரு அறையில் ஷில்லாங்காரர் ஒருவர். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். அவர்கள் ஊரில் ஆண்களை மரியாதையாக 'பாஹ்' என்று கூப்பிடுவார்களாம். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். பாப் டிலன் பிறந்த நாளை 1972லிருந்து கொண்டாடும் ஊர் அது. பாஹும் டிலன் பைத்தியம்தான்.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. லேபிள் உரிந்து போய்விட்டது. தேதி இல்லை, ஊர் இல்லை. உள்ளே ஒரே பாட்டு. டிலனின் 'விஷன்ஸ் ஆஃப் ஜோஹானா'. ஆனால் பாடியது டிலன் இல்லை, 'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்க ராக் குழு. யார் யாரிடமோ கைமாறி, 1990க்கு முன்பே இவரிடம் வந்து சேர்ந்தது. இது எந்த ராத்திரி பாடியது? பாஹுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இந்தக் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1965லிருந்து 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள். நேற்று பாடின வரிசையில் இன்றைக்குப் பாட மாட்டார்கள். திடீரென்று அடுத்தவர் பாட்டும் நுழையும். 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' வந்தது. 1992ல் 'டுமாரோ நெவர் நோஸ்'. அன்றைக்குப் போனவனுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அதனால் ரசிகர்கள் மைக்கும் ரெக்கார்டரும் தூக்கிக்கொண்டு போனார்கள். குழுவும் தடுக்கவில்லை. 1984 அக்டோபரில் அவர்களுக்கென்று அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. கேசட் மாற்றிக்கொள்பவர்களுக்காக 1974லேயே 'டெட் ரிலிக்ஸ்' என்று ஒரு பத்திரிகை வந்துவிட்டது. எல்லோரும் ஒத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான். எத்தனை நகல் வேண்டுமானாலும் எடு, யாருக்கு வேண்டுமானாலும் கொடு, பைசா வாங்காதே. மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத புதுசா வந்தவன் காலி கேசட்டும், திரும்பி வர தபால் செலவும் அனுப்பினால் போதும். நிரப்பி அனுப்புவார்கள்.

பாஹ் இதைச் சொன்னபோது எனக்கு அம்மாவின் உறைமோர்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்து நிற்பாள். அம்மா ஒரு கரண்டி ஊற்றுவாள். உறைமோருக்கு யாராவது காசு வாங்குவார்களா? என்றைக்காவது நம் வீட்டுத் தயிர் கெட்டுப் போனால், நாம் கொடுத்ததே அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன். எந்த ராத்திரி என்ன பாடினார்கள் என்று ரசிகர்கள் பட்டியல் போட்டே வைத்திருக்கிறார்கள். 'ஜோஹானா' வந்தது 1986ல் விரல் விட்டு எண்ணும் அளவு. பிறகு ஒன்பது வருஷம் கிடையாது. மறுபடி 1995ல்தான். நம் கேசட் 1990க்கு முந்தியது, ஆகவே 1986. அந்த ராத்திரிகளின் ஒலிப்பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினோம். வீட்டு இணைப்பு ஆமை வேகம். ஆபீசில் ராத்திரி இறக்கி, சிடியில் போட்டுக் கொண்டுவருவேன். நடுவில் 2005 நவம்பரில் அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளை இறக்கவே முடியாமல் போனது. ரசிகர்கள் போட்ட கூச்சலில் சில நாளில் பாதிக் கதவு திறந்தது. பார்வையாளர்கள் பதிந்ததை மறுபடி இறக்கலாம், குழுவின் சவுண்ட்போர்டிலிருந்து எடுத்ததைக் கேட்க மட்டும் செய்யலாம்.

ஜெர்ரி கார்சியாவின் கிடார் எங்கே இழுக்கிறது, எங்கே நிற்கிறது என்று வரி வரியாக ஒப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியைப் பிடித்துவிட்டோம். ஆனால் நம் கேசட்டில் மைக்குக்குப் பக்கத்தில் ஒருத்தர் விசிலடிப்பார். நாங்கள் இறக்கிய எதிலும் அந்த விசில் இல்லை. வேறு யாரோ, வேறு இடத்தில் உட்கார்ந்து பதிந்தது! பாஹ் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது.

கேசட்டை என் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அதற்கப்புறம் நான் செய்ததுதான் இந்தக் கதையே.

ஆபீசில் ராக் பிரியர்கள் நிறைய. அந்தப் பாட்டோடு இன்னும் சில அபூர்வங்களைச் சேர்த்து சிடி போட்டேன். ஒன்று நூறு ரூபாய். காலி சிடி பதினைந்து ரூபாய்கூட இராது. இருபத்து மூன்று சிடி விற்றேன். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினேன்.

ஹெட்போனைப் பார்த்துக் கேட்டார். பெருமையாகச் சொன்னேன், ஹி ஹி என்று சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. "எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடு" என்றார். "நூறு ரூபாய்தானே பாஹ், என் உழைப்பும் இருக்கே" என்றேன். "உன் உழைப்பா? மைக்கைத் தூக்கிக்கொண்டு போனது நீயா?" அதற்கு மேல் பேசவில்லை. மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார். கேசட்டும் அவரோடு போனது. நான் யாருக்கும் பணம் திருப்பவில்லை.

2009ல் என் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. நான் வைத்திருந்த சிடியும் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. விற்ற ஆட்களில் தேடிப் பிடிக்க முடிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருத்தரிடமும் இல்லை. வீடு மாறும்போது தூக்கிப் போட்டாச்சு என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கடையில் வாங்கின சாமானை அப்படித்தான் செய்வோம். இது கைமாற வேண்டிய பொருள் என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லையே.

2024 அக்டோபர் 25ந் தேதி அந்தக் குழுவின் பாஸ் கிடார்காரர் பில் லெஷ் காலமானார். அவர் தேர்ந்தெடுத்து 1997ல் வெளியிட்ட தொகுப்பில் 1995ல் பாடிய 'ஜோஹானா' இருக்கிறது. அன்று ராத்திரி அதைப் போட்டுக் கேட்டேன். குரல் ரொம்பக் கிழடு தட்டியிருந்தது. விசில் இல்லை.

பாஹின் பழைய மெயில் முகவரிக்கு எழுதினேன். செய்தது தப்பு, பணம் இன்னும் திருப்பவில்லை, ஹெட்போனும் எப்போதோ உடைந்துவிட்டது, எல்லாவற்றையும். பதினெட்டு வருஷம் கழித்துப் பதில் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. இரண்டே வரி. "காலி சிடி எத்தனை அனுப்புகிறாய்? திரும்பி வர தபால் செலவை மறக்காதே."

ஏழாவது கடையில் ஒரு பழைய டப்பா கிடைத்தது. பத்து வாங்கினேன். "ஒரு பாட்டுக்கு எதுக்கு பத்து?" என்றாள் தங்கமணி.

"மீதி, கிண்ணத்தோட வர்றவங்களுக்கு" என்றேன்.