பாலித் தீவின் தலைமடை

பாலித் தீவுக்குப் போய் வருகிறவர்கள் சாதாரணமாக மூன்று விஷயங்களைப் பார்த்து வருகிறார்கள்: கோயில், நடனம், நெல் வயல். முதல் இரண்டைப் பற்றியும் நம்மவர் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. 1927-ஆம் வருஷத்தில் கவி ரவீந்திரநாத தாகூர் அந்தத் தீவுக்கு யாத்திரை போய் வந்தார். அது முதற்கொண்டு, கடல் கடந்த அந்த ஹிந்து ஜனங்களிடம் பாரத தேசத்தின் பழைய சாயலைக் கண்டு உருகாதவர் இல்லை. வயலுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அதைப் படம் பிடித்துக் கொள்வதோடு சரி. மலைச் சரிவில் பச்சைப் படிக்கட்டுக் கட்டினாற்போல் அடுக்கடுக்காக இறங்கும் அந்தக் கழனிகள் படத்துக்கு வெகு லக்ஷணமாகத்தான் இருக்கின்றன. ஆனால் கோயிலையும் வயலையும் தனித்தனியே பார்த்துத் திரும்புகிறவர் பாலியில் இரண்டையுமே பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நானும் என் மனைவியும் தீவின் நடுவே உள்ள உபுத் என்ற ஊரில் தங்கியிருந்தோம். ஒரு பகல் முழுவதற்கும் ஒரு மோட்டாரை அமர்த்திக் கொண்டோம். அதை ஓட்டியவரே வழிகாட்டியும் ஆவார். நாற்பது வயது மதிக்கத்தக்க, நிதானமாகப் பேசும் மனிதர். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவர் தம் வீட்டில் மூன்றாவது குழந்தை என்று தெரிந்துவிட்டது. பாலியில் சாதாரணக் குடும்பங்களில் முதற் குழந்தைக்கு 'வயான்' என்று பெயர், இரண்டாவது 'மாடே', மூன்றாவது 'நியோமான்', நான்காவது 'கெதுத்'. ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வயானிலிருந்து ஆரம்பம்! இவற்றுக்கு மாற்றுப் பெயர்கள் சில உண்டு என்றாலும், வகுப்பில் ஆஜர் கூப்பிடும் உபாத்தியாயரின் கதி என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். தொழில் புத்தி போகுமா?

அவர் ஒரு பட்டியலை நீட்டினார். குரங்குத் தோப்பு, காப்பித் தோட்டம், பள்ளத்தாக்கின் மேல் ஆடும் ராக்ஷஸ ஊஞ்சல் என்று பல இனங்கள் அதில் இருந்தன. "ஊஞ்சல் வேண்டாம். வயல்களையும் கோயில்களையும் காட்டுங்கள். தண்ணீர் வருகிற வழியே மேலே போவோம்" என்றேன். அவர் என்னைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டுப் பட்டியலை மடித்து வைத்துக் கொண்டார்.

காவேரியின் கடைமடையில் பிறந்தவன் நான். வாய்க்காலில் தண்ணீர் ஓடக் கண்டால், இது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எங்கள் பக்கத்தாருக்கு முதலில் தோன்றாது. மேலே இருக்கிறவன் இதை எப்படி விட்டான் என்பதே தோன்றும்.

முதலில் தெகல்லாலாங் என்ற கிராமத்தில் இறங்கினோம். சாலையின் இரு மருங்கிலும் கடைகள். அவற்றுக்கிடையே புகுந்து நாலடி வைத்ததும் பூமி கீழே இறங்கிப் போய்விடுகிறது. எதிர்ச் சரிவில் பாத்திக்கு மேல் பாத்தியாக வயல்கள். சில, நம் வீட்டுத் திண்ணை அகலந்தான் இருக்கும். அந்தத் திண்ணை அகலத்திலும் வரப்புப் போட்டு, நீர் நிறுத்தி, நாற்று நட்டிருந்தார்கள். ஊஞ்சலில் ஆடுகிறவர்களின் கூச்சல் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலித்தது. வரப்பில் நடக்கக் கூடக் காசு வாங்கும் உண்டிப் பெட்டிகள் ஆங்காங்கே இருந்தன. உழுகிறவனுக்கும் அதில் ஏதோ கிடைக்கட்டும் என்று போட்டுவிட்டு நடந்தோம்.

வாய்க்கால் ஒன்று இரண்டாகப் பிரியும் இடத்தில் வழிகாட்டி நின்றார். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதன் மேல் விளிம்பில் இரண்டு வெட்டுக்கள். ஒன்று அகலம், ஒன்று குறுகல். தண்ணீர் அந்த வெட்டுக்களின் வழியாக அளவாகப் பிரிந்து வழிந்து கொண்டிருந்தது. இதற்குத் 'தெம்புக்கு' என்று பெயராம். பூட்டு இல்லை, சாவி இல்லை, திருகு இல்லை. இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு அகலம் என்று கணக்கிட்டு வெட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இரவில் யாராவது வந்து கொஞ்சம் செதுக்கிவிட்டால்? அப்படிச் செய்தால் காலையில் ஊர் முழுவதும் கண்ணால் கண்டுவிடும் அல்லவா!

ஒரே அணையிலிருந்து நீர் பெறும் உழவர்கள் அனைவரும் சேர்ந்த சபைக்குச் 'சுபாக்' என்று பெயர். பதினோராம் நூற்றாண்டுச் சாஸனங்களிலேயே இது காணப்படுகிறது. 2012-ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். சபைக்குத் தலைவர் 'பெக்காஸே'. அவரை உழவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாய்க்கால் தூர் வாருவது, அணையைப் பழுது பார்ப்பது, மலையைக் குடைந்து வரும் சுரங்கக் கால்களைச் சுத்தம் செய்வது எல்லாம் சபையின் வேலை. ஆள் வராத வீட்டார் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். பாலியிலும் ஜாதி உண்டு. பிராம்மணரும் க்ஷத்திரியரும் வைசியரும் சூத்திரரும் உண்டு. ஆனால் சுபாக் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகு நிலமுடையவர் அனைவரும் சமம். சூத்திரத் தலைவர் சொல்வதை உயர்ந்த ஜாதி உறுப்பினரும் கேட்டு மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

நம் நாட்டில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஏரியும் காலும் ஊராருடையவை என்று எண்ணிய காலம் அது. ஆங்கில ஆட்சியில் அது நைந்து போய், மடைக் கதவின் சாவி சர்க்கார் கச்சேரிக்குப் போன கதை நேயர்களுக்குத் தெரியும். பாலியை டச்சுக்காரர் பிடித்தபோதும் அக்கிரமத்துக்குக் குறைவில்லை. 1906-ல் பாதுங் ராஜகுடும்பத்தார் வெள்ளை உடுத்து, குத்துவாள் ஏந்தி, பீரங்கிக்கு எதிரே நடந்து சென்று, பெண்டு பிள்ளைகளோடு மடிந்தார்கள். 1908-ல் க்ளுங்குங்கிலும் அதே கோரம். ராஜாக்கள் போனார்கள், வாய்க்கால் நிற்கவில்லை. தண்ணீரைப் பங்கிடும் அதிகாரம் அரண்மனையில் இருந்திருந்தால் அல்லவா அரண்மனையோடு போயிருக்கும்?

"அதெல்லாம் சரி, ஒரு சுபாக்குக்குள் இந்த மரக்கட்டை நியாயம் சொல்லும். மேல் சுபாக்கார் கீழ் சுபாக்குக்கு எதற்காகத் தண்ணீர் விட வேண்டும்?" என்று கேட்டேன்.

"மேலே போய்ப் பார்க்கலாம்" என்றார் வழிகாட்டி.

தாம்பாக்சிரிங் என்ற ஊரில் குனுங் காவி கோயில். இடுப்பில் சரோங் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். என் மனைவி சேலையில் இருந்தபடியால் இடைக்கச்சு ஒன்றோடு தப்பினாள். வேஷ்டியை விட்டுவிட்டுக் கால்சட்டையில் சென்ற நான் வகையாக மாட்டிக்கொண்டேன். நூற்றுக்கணக்கான படிகள் இறங்கினால் பக்கெரிசான் நதி. அதன் இரு கரையிலும் செங்குத்துப் பாறையில் மாடங்கள் குடைந்து, மாடத்துக்குள் கோபுரம் போன்ற சிலைக் கோயில்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் பத்து. பதினோராம் நூற்றாண்டில், உதயன ராஜாவின் வம்சத்தாருக்கு ஞாபகச் சின்னமாக எழுந்தவை. கெபோ இவா என்ற ராக்ஷஸ பலசாலி ஒரே இரவில் நகத்தால் கீறிச் செய்ததாக ஐதிகம். மாமல்லபுரத்தைக் கண்டவர்களுக்கு நகத்தின் மேல் நம்பிக்கை வராது. உளியின் மேல் மரியாதை வரும்.

கர்ப்பக்கிருகம் எங்கே என்று தேடினாள் என் மனைவி. கிடையாது. பாலிக் கோயில்கள் பொதுவாகத் திறந்த முற்றங்களே. பத்மாஸனம் என்ற கல் பீடம் உயர்ந்து நிற்கும். அதன் உச்சியில் ஆசனம் காலியாக இருக்கும். திருவிழாவில் தேவர்கள் இறங்கி வந்து அமர்வார்கள் என்பது சித்தாந்தம். அந்தப் பீடத்தடியில் ஒரு மூதாட்டி தென்னங்குருத்தால் முடைந்த சிறு தட்டில் பூவும் அரிசியும் வைத்து, ஊதுபத்தி ஏற்றி, தீர்த்தம் தெளித்தாள். வாசல்களிலும் கடைகளிலும் எங்கள் மோட்டாரின் முகப்பிலுங்கூட இந்தத் தட்டு காலையில் இருந்தது. "நாம் கோலம் போடுகிற மாதிரி" என்றாள் மனைவி. எனக்கு அந்த ஒப்புமை அத்தனை பிரசங்கங்களையும் விடப் பொருத்தமாகப் பட்டது.

நான் கவனித்தது வேறொன்று. பாறைக் கோயில்களின் பக்கத்திலேயே வாய்க்கால் ஓடுகிறது. கோயிலைச் சுற்றி வயல்.

சற்று மேலே தீர்த்த எம்புல். 962-ஆம் வருஷத்தில் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் ஊற்றுக் கோயில். மாயதேனவன் என்ற அசுரராஜன் நீரில் விஷம் கலந்து தேவர் படையை வீழ்த்த, இந்திரன் பூமியைக் குத்தி இந்த அமிருத ஊற்றை எழுப்பினான் என்கிறார்கள். கருமணலைக் கிளறிக்கொண்டு நீர் கொப்புளிக்கும் குளத்தைக் கண்ணால் பார்க்கலாம். அது வரிசையான தாரைகளாக அடுத்த குளத்தில் விழுகிறது. ஜனங்கள் இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொரு தாரையாகத் தலையை நீட்டி ஸ்நானம் செய்கிறார்கள். பிதிர் காரியத்துக்குரிய இரண்டு தாரைகளை மட்டும் விட்டு விடுகிறார்கள். குன்றின் மேல் ஸுகர்ணோ காலத்தில் கட்டிய ராஷ்டிர மாளிகை இருக்கிறது. 1950-ல் நமது முதற் குடியரசு தின விழாவுக்கு விருந்தாளியாக வந்த அதே ஸுகர்ணோதான். அவருடைய தாயார் பாலித் தீவினர்.

குளத்துத் தண்ணீர் வெளியே போகும் வழியை வழிகாட்டி காட்டினார். இந்தத் தீர்த்தம் கீழே உள்ள சுபாக்குகளின் வயலுக்குத்தான் போகிறது. தங்கள் மதத்தையே 'ஆகம தீர்த்தம்', அதாவது தீர்த்த மதம் என்று பாலிக்காரர்கள் சொல்வதுண்டு. கோயில் வேறு, மடை வேறு என்று அவர்கள் நினைக்கவில்லை. உழவனின் வயலில் நீர் புகும் மூலையில் ஒரு சிறு பீடம். வாய்க்கால் தலைப்பில் ஒரு கோயில். அணையில் ஒரு கோயில். பல சுபாக்குகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய கோயில். இப்படியே ஏறிக்கொண்டு போனால் உச்சியில் பாதூர் ஏரி.

பாதூர், எரிமலையின் வாய்க்குள் கிடக்கும் ஏரி. அதன் விளிம்பில், குளிர்ந்த மூடுபனியில், உலுன் தானு கோயில். தெய்வம் தேவி தானு, ஏரியின் அன்னை. அவளுக்குப் பதினோரு அடுக்குக் கூரை வேய்ந்த மேரு. கோயில் முன்னே கீழே இருந்தது. 1917-ல் அக்கினிக் குழம்பு கோயில் வாசல்வரை வந்து நின்றது, 1926-ல் நிற்கவில்லை. ஊரார் விக்கிரகங்களையும் சாமான்களையும் சுமந்து மேலே வந்து புதிதாகக் கட்டினார்கள். பெரிய பூசாரி பிராம்மணர் அல்லர். சாதாரண ஜாதியில் பிறந்து, சிறு பிராயத்திலேயே தேவியின் பெயரால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். வாய்க்கால் தகராறு தீராவிட்டால் உழவர்கள் இவரிடம் வருகிறார்கள். ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு கண்ணுக்குத் தெரிய இல்லை. மலைக்குள் புகுந்து கீழே ஊற்றுக்களாகப் புறப்படுகிறாள் அன்னை என்பது நம்பிக்கை.

"அவள் தண்ணீர், எங்களுடையது அல்ல. அதனால் விடுகிறோம்" என்றார் வழிகாட்டி. பிறகு சிரித்துக்கொண்டே, "பூச்சியும் ஒரு காரணம்" என்றார்.

அந்த இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலைமடைக்காரனுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. எலியும் பூச்சியும்தான் கவலை. அக்கம்பக்கம் அனைத்தும் ஒரே சமயத்தில் அறுவடையாகிச் சில வாரம் தரிசாகக் கிடந்தால் பூச்சி பட்டினி கிடந்து சாகும். கீழே இருப்பவன் தண்ணீர் இல்லாமல் வேறு பருவத்தில் நட்டானோ, மேலிருந்த பூச்சி அங்கே போய்ப் பிழைத்துத் திரும்பி வரும். ஆகவே மேலே இருப்பவன் நீர் தருகிறான். கீழே இருப்பவன் கூடவே நட்டுக் கூடவே அறுக்கிறான். எப்போது நடுவது, எப்போது தரிசு விடுவது என்பதைக் கோயில் முறை நிர்ணயிக்கிறது.

1970-களில் சர்க்கார் புதிய குட்டை ரக நெல்லைக் கொண்டு வந்து, முறையெல்லாம் பாராமல் இடைவிடாது நடச் சொல்லிற்று. முதலில் மகசூல் ஏறியது. பிறகு புகையான் வந்தது. நம் தஞ்சை உழவருக்குத் தெரியாத பூச்சியா அது? மருந்தடிக்க அடிக்கப் பெருகியது. வழிகாட்டியின் தகப்பனார் அந்நாளில் வயலைப் பார்த்து அழுததாகத் தாயார் சொல்லக் கேட்டாராம். கடைசியில் உழவர்கள் கோயில் முறைக்கே திரும்பினார்கள். ஸ்டீபன் லான்ஸிங் என்ற அமெரிக்க மானிட சாஸ்திரி ஒருவர் ஜேம்ஸ் க்ரெமர் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, பூசாரிகளின் ஏற்பாட்டைக் காட்டிலும் நல்ல ஏற்பாடு அனேகமாக இல்லை என்று காட்டினார். அவர் இதைப் பற்றி எழுதிய புஸ்தகம் 1991-ல் வெளிவந்தது.

திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. வழிநெடுக வயல்களுக்கு நடுவே புதிய மாளிகைகள், நீச்சல் குளங்கள். அந்நியர் நிலத்தை வாங்க முடியாதாம். நீண்ட குத்தகைக்கு எடுக்கலாம். வழிகாட்டியின் தமையனார் தம் பங்கை அப்படித்தான் விட்டிருக்கிறார். வாய்க்காலின் மேல்பக்கம் அந்தப் பங்கு, கீழ்ப்பக்கம் இவருடையது.

தம் கிராமத்தருகே வண்டியை நிறுத்தி, "ஐந்து நிமிஷம் அனுமதி வேண்டும். இன்றைக்கு எங்கள் சுபாக்கில் தூர் வாரும் முறை. நான் போகவில்லை, வாய்க்கால் எப்படி இருக்கிறதென்று பார்த்து வருகிறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்களுக்காகவா? காலையிலேயே சொல்லியிருந்தால் வேறொரு நாள் வந்திருப்போமே. அபராதம் எவ்வளவு?"

"நீங்கள் கொடுப்பதில் சிறு பாகந்தான். பணம் பெரிதல்ல, ஐயா. இப்போது பலர் பணமாகவே கட்டிவிடுகிறார்கள். பணம் வாய்க்காலில் இறங்கித் தூர் எடுப்பதில்லை."

பாதரக்ஷையைக் கழற்றிவிட்டு, கைவிளக்கோடு வரப்பில் இறங்கிப் போனார். வெளிச்சம் ஓரிடத்தில் வெகுநேரம் அசையாமல் நின்றது. ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. முழங்கால் வரை சேற்றோடு வந்து, கையிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளையும் ஒரு கற்றை ஓலையையும் பின்பெட்டியில் போட்டுவிட்டு, மிதிபலகையின் மேல் பழைய பத்திரிகையை விரித்துக்கொண்டு, உபுத்துக்கு வண்டியை ஓட்டினார்.